சேனை வைத்தவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காலையில் நான் மாடிப்படி ஏறி வரும்போது செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவார்களாம். இருபத்தாறு வருடமாக நர்ஸ் வேலை. அதில் கடைசிப் பதினோரு வருடம் ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர். இவ்வளவு வருடத்தில் என் கோபத்துக்காக நான் வெட்கப்பட்டது ஒரே ஒரு தடவைதான். அதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊரில் நர்ஸ் நிற்பதில்லை. படிப்பு முடித்து வருகிற பெண் ஒரு வருடம் இருப்பாள். கை பழகியதும் பெங்களூர் பஸ் ஏறிவிடுவாள். அங்கிருந்து துபாய், குவைத். ஊசி போட நான் நரம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெண்கள் இன்றைக்கு எந்தெந்த நாட்டிலோ நரம்பு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் எங்கள் நிர்வாகம், பெங்களூரில் நர்சிங் படித்த நேபாளத்துப் பெண்கள் மூன்று பேரை வேலைக்கு எடுத்தது. ஒருத்தி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள், ஒருத்தி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனாள். மூன்றாமவளை என் தலையில் கட்டினார்கள்.

ஆறு மாதம் சோதனைக் காலம். முடிவில் நான் ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். 'நிரந்தரம் செய்யலாம்' அல்லது 'வேண்டாம்'. வேண்டாம் என்று எழுதினால் ஒரு வாரத்தில் ஹாஸ்டல் அறையைக் காலி செய்ய வேண்டும். அவளுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பெங்களூரில் முதலில் வேலை பார்த்த கிளினிக்கை மூடிவிட்டார்கள். அவளுடைய அப்பா மலைச் சரிவில் சோளம் போடுகிற விவசாயி. மகளை இவ்வளவு தூரம் அனுப்பியதில் அவருக்கு மனமே இல்லை. இந்த வேலையும் நிலைக்கவில்லை என்றால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் விட்டிருந்தார். வந்த முதல் வாரத்திலேயே அவள் இதை என்னிடம் சொன்னாள்.

"வீட்டுக்குப் போனா திரும்ப விட மாட்டாங்க, மேடம்" என்றாள். அழுகையெல்லாம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஒழுங்கா வேலை பாரு, யாரு அனுப்பப் போறாங்க" என்று நானும் சொல்லி வைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஒரு தாள் உண்டு. நாற்பது பாயிண்ட். ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே, பயோ வேஸ்ட் எந்த நிறப் பையில், குழந்தையின் கையில் கட்டுகிற அடையாளப் பட்டையில் என்ன எழுதுவது, எல்லாம் இருக்கும். நாற்பதையும் ஒரே நாளில் ஒப்பித்துவிட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. எல்லாவற்றையும் முழுசாகச் செய்வாள். பச்சைக் குழந்தை மூச்சு விடுவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்வோம். அவள் வாட்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமும் நிற்பாள். பன்னிரண்டு குழந்தை என்றால் பன்னிரண்டு நிமிடம். "இங்க என்ன பரிட்சையா நடக்குது" என்று கேட்டிருக்கிறேன். "இல்லை மேடம்" என்பாள். அடுத்த குழந்தையிடம் போய் மறுபடி ஒரு நிமிடம் நிற்பாள்.

தமிழை அவள் எங்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. நாங்கள் ஆளாளுக்கு ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தோம். வார்டில் தரை துடைக்கிற ஆயாம்மாதான் அவளுக்கு வாத்தியார். அதனால் அவள் முதலில் பேசிய தமிழெல்லாம் விரட்டுகிற தமிழ். ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம், "காலைத் தூக்குங்க டாக்டர், ஈரமா கீது" என்றாள், மிக மரியாதையாக. டாக்டர் தூக்கினார். நான் கேஸ் ஷீட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நான் ராயக்கோட்டைக்காரி, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே வளர்ந்தவள். வீட்டிலிருந்து ஒரு பை தக்காளி கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். மறுநாள் ஒரு டப்பாவில் துவையல் மாதிரி ஏதோ செய்துகொண்டு வந்தாள். மிளகு போல இருக்கும், ஆனால் மிளகு இல்லாத ஒன்றை அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தாள். அதை அரைத்துப் போட்டிருந்தாள். இரண்டு வாய்தான் சாப்பிட்டேன், நாக்கு மரத்துப் போய்விட்டது. அரை மணி நேரம் யாரையும் திட்ட முடியவில்லை. வார்டில் அவளுக்கு நல்ல பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் வார்டில் பாதிக் கட்டில்களில் கம்பெனிகளில் வேலை செய்கிற பீகார்க்காரர்கள், ஒடிசாக்காரர்களின் மனைவிகள் படுத்திருக்கிறார்கள். எனக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தப் பெண்களிடம் நான் கையை ஆட்டியே பல வருடம் காலத்தை ஓட்டியிருக்கிறேன். வலி எங்கே என்று சைகையில் கேட்பேன், அவர்கள் எங்கோ காட்டுவார்கள், நான் ஏதோ எழுதிக்கொள்வேன். இவள் வந்த பிறகு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இந்தியில் பேசுவாள். ஊரில் அம்மா இருக்கிறாரா, முதல் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் கேட்பாள். அந்தப் பெண்கள் சிரிப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். இதை ஒரு தடவைகூட அவளிடம் நான் பாராட்டிச் சொல்லவில்லை. பாராட்டினால் தலைக்கு ஏறிவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர்கள் நினைத்தார்கள், நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

இனி சேனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் அதன் நாக்கில் முதல் முதலாக ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் வைக்கிறார்களோ அவருடைய குணம்தான் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் யார் என்று பேசி முடிவு செய்து, பிரசவ தேதிக்கு அவரை வரவழைத்துவிடுவார்கள். எனக்கு யார் வைத்தார்கள் என்று வீட்டில் கேட்டிருக்கிறேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் இதற்கு அனுமதி கிடையாது. தாய்ப்பால் தவிர எதுவும் தரக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் வேப்பனப்பள்ளியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த மனுஷியிடம் சுவரைக் காட்டி என்ன பயன்? நான் என் வார்டில் ஒரு வழி வைத்திருந்தேன். அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவ வைப்பேன். தாயின் மார்பிலிருந்து ஒரு சொட்டுச் சீம்பால் எடுத்து அவர் விரலில் வைப்பேன். அவர் அதைக் குழந்தையின் உதட்டில் தொட்டு வைப்பார். அவர்களுக்கும் நிம்மதி, குழந்தைக்கும் கெடுதல் இல்லை. டாக்டர்களுக்கு இது தெரியும், தெரியாதது போல இருப்பார்கள். எங்கள் ஊர் நர்ஸ் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். இந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பது பாயிண்டில் அது இல்லை. இப்போது அந்தத் தாளின் கீழே நாற்பத்தொன்றாவதாக என் கையெழுத்தில் இருக்கிறது.

அவளுடைய ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒரு பிரசவம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து உண்டான குழந்தை. தாய்க்குக் கர்ப்பத்தில் சர்க்கரை நோய் வந்திருந்ததால் காலையிலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தகப்பன் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அவருக்குச் சின்ன வயதிலேயே தாய் இல்லை, அவரை வளர்த்ததெல்லாம் அக்காதான். குழந்தைக்கு அத்தை முறையான அந்த அம்மாதான் சேனை வைக்க வேண்டும் என்று எட்டு வருடமாகவே முடிவு. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். முதல் நாளே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் வந்து, "சிஸ்டரம்மா, கொழந்த வந்ததும் என்னைக் கூப்புடு" என்று சொல்லியும் வைத்தார். நானும் தலையை ஆட்டினேன்.

தாய் தியேட்டரில் இருந்து இன்னும் வரவில்லை. குழந்தையை மட்டும் எங்கள் குழந்தைகள் அறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் பார்த்து எனக்குக் கீழே ஒரு மீட்டிங். "குழந்தையைப் பாத்துக்கோ" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். வராந்தாவில் ஒருவர் காத்திருக்கிறார் என்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது வார்டே சந்தையாக இருந்தது. குழந்தைகள் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அத்தை நின்று கத்திக்கொண்டிருந்தார். தகப்பன் முகம் கறுத்து நின்றார். உள்ளே அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாலாடையில், குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற அந்தச் சின்ன மூக்குக் கிண்ணத்தில், மாவுப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"யாரோ எவளோ, எங்கிருந்து வந்தவளோ, எங்க புள்ளைக்கு மொதல் சொட்டு அவ ஊத்திட்டா" என்றார் அத்தை. "எட்டு வருசமா நான் காத்துக்கினு இருந்தது இதுக்குத்தானா?"

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இதை நான் மறைக்க மாட்டேன். சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்த சிறிது நேரத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். உடனே பால் புகட்டாவிட்டால் வலிப்பு வரலாம். டாக்டர் சொல்லாமல் அவள் மாவுப்பாலைத் தொட்டிருக்கவே மாட்டாள். இவ்வளவும் தெரிந்துதான் அவளைத் திட்டினேன். எதிரே நிற்கிற கூட்டத்தை அமைதிப்படுத்த அதுதான் சுலபமான வழியாக இருந்தது.

"யாரைக் கேட்டுக் குடுத்த? வெளிய பெரியவங்க நிக்கறாங்களே, கண்ணு தெரியலையா? ஆறு மாசமா இங்க என்ன கத்துக்கிட்ட நீ?"

"டாக்டர் சொன்னாரு, மேடம்."

"வாயை மூடு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பாலாடையில் மிச்சமிருந்த பாலைப் புகட்டி முடித்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக் கிடத்திவிட்டு என்னைத் தாண்டி வெளியே போனாள்.

அப்படியும் அவர்கள் சமாதானம் ஆகவில்லை. தகப்பன் கீழே போய் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். மதியம் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர்.

"இந்தப் பொண்ணோட ஃபாரம் நாளைக்குள்ள வேணும். புகார் ஒண்ணு இருக்கறதால, நல்லா எழுதினீங்கன்னா அதுக்கு விளக்கமும் எழுதிக் குடுங்க. இல்லன்னா வேண்டாம்னு எழுதிடுங்க, பிரச்சினை முடிஞ்சிடும்."

வார்டுக்கு வந்து கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய குண்டு குண்டு எழுத்தில் எல்லாம் இருந்தது. மூச்சு எண்ணியபோது குழந்தையின் கை நடுங்கியதைக் கவனித்த நேரம், குதிகாலில் குத்திப் பார்த்த சர்க்கரை அளவு, குழந்தை டாக்டருக்குப் போன் செய்த நேரம், அவர் சொன்ன பாலின் அளவு, அரை மணி கழித்து மறுபடி பார்த்தபோது ஏறியிருந்த அளவு. ஒரு நிமிடம் முழுக்க நின்று எண்ணியதால்தான் நடுக்கம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர் யாராவது இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன்.

துணிகள் வைக்கிற அறையில் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன், மேடம்? சொன்னீங்கன்னா அடுத்த தடவை பண்ண மாட்டேன்."

எதிர்த்துக் கேட்கிற கேள்வி இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சேனை என்றால் என்ன, அந்த அம்மா எதற்காக வந்து உட்கார்ந்திருந்தார், நான் எப்படி ரகசியமாக வைக்க விடுவேன், எல்லாவற்றையும் சொன்னேன். மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க ஊர்ல முதல் சோறு ஊட்டுவோம். பொண்ணுன்னா அஞ்சாம் மாசம். வேற யாராவது முன்னாடி ஊட்டிட்டா எங்க அம்மாவும் இப்படித்தான் சண்டை போடுவாங்க" என்றாள். துணியை அடுக்கில் வைத்துவிட்டு, "அவங்க கதவுக்கு வெளியதானே இருந்தாங்க? எனக்குத் தெரிஞ்சிருந்தா கூப்பிட்டு, கை கழுவச் சொல்லி, பாலாடையை அவங்க கையில குடுத்திருப்பேன். முதல் சொட்டு அவங்க குடுத்திருப்பாங்க. ஒரு நிமிஷம்கூட லேட் ஆகியிருக்காது" என்றாள்.

இருபத்தாறு வருட அனுபவத்துக்கு அது தோன்றவில்லை, இவளுக்குத் தோன்றுகிறது.

"ஃபாரத்துல வேண்டாம்னு எழுதுவீங்களா, மேடம்?"

"பாக்கலாம்" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. விளக்கம் எழுதுவதென்றால் உண்மையை எழுத வேண்டும். டாக்டர் உத்தரவு இருந்தது தெரிந்தும் நான் திட்டினேன் என்று எழுத வேண்டும். ஆஸ்பத்திரி விதியை மீறி என் வார்டில் சேனை வைக்க விட்டு வந்தேன் என்றும், அதை இவளுக்குச் சொல்லாமல் விட்டேன் என்றும் எழுத வேண்டும். 'நிரந்தரம் செய்யலாம்' என்று ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த ஃபாரத்தைக் கிழித்துப் போட்டேன். புதிய ஒன்றை எடுத்து வைத்தேன். எழுதாமல் அப்படியே டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். அத்தை என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். மறுபடி சண்டை என்று நினைத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஆனது ஆயிப்போச்சு. ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிக்கினு இருந்தேன். நீயே சொல்லும்மா, அந்தப் பொண்ணு கொணம் எப்பிடி?"

"என்னக்கா கேக்கறீங்க?"

"அவ கொணம்தானே இனிமே எங்க புள்ளைக்கு வரப்போவுது. அது எப்பிடிப்பட்டதுன்னு தெரியாம ஒரு புள்ளையை எப்பிடி வளக்கறது? உன்கிட்ட ஆறு மாசம் இருந்துக்கிறா இல்ல. சொல்லு."

டிராயரில் இருந்த ஃபாரத்தில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. அதில் இந்தக் கேள்வி இல்லை. நான் வாயைத் திறந்தேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பேசிக்கொண்டே போனேன்.

எதையும் பாதியில் விட மாட்டாள் என்றேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் டப்பாவைத் திறப்பாள், திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள் என்றேன். பாஷை தெரியாத ஊரில் வந்து படுத்திருக்கிற பெண்கள் அவள் டியூட்டியில் இருக்கிறாளா என்று கேட்டு, இருந்தால்தான் வலியைச் சொல்கிறார்கள் என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவாள். சொல்லிக்கொடுத்தால் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டாள். நேற்று உங்கள் குழந்தையின் கை நடுங்கியது, அதைப் பார்த்தது இந்த வார்டில் அவள் ஒருத்திதான். டாக்டர் போனில் சொல்லித்தான் பால் கொடுத்தாள். உடனே கொடுக்காமல் விட்டிருந்தால் குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கலாம். இதையும் சொன்னேன்.

அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"கோவம் வருமா?"

"வராதுக்கா. இந்த வார்டுல கோபமெல்லாம் என் ஒருத்திக்குத்தான்."

"காலைல பாத்தேன், கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்குது. நான் கத்தினதுக்கா அழுதா?"

"இல்ல" என்றேன். "உங்களை அவ ஒண்ணுமே சொல்லல. நீங்க கோபப்பட்டது சரின்னு சொன்னா. அழ வெச்சது நான். டாக்டர் சொன்னதாலதான் குடுத்தான்னு தெரிஞ்சும் திட்டினேன். நீங்க காத்துக்கிட்டு இருக்கறதை அவகிட்ட நான் சொல்லாம போனேன். தப்பு முழுக்க என்னோடது."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று காத்திருந்தேன்.

"நல்ல வேளை, நீ வெக்கல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணிலும் தண்ணீர். அவர் சிரிக்கவில்லை. எழுந்து புடவையை உதறிக்கொண்டு நேராகச் சூப்பரின்டெண்டென்ட் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"என் தம்பி எழுதிக் குடுத்த காயிதத்தைக் குடுத்துடுங்கோ. அந்தப் பொண்ணை எங்கியும் அனுப்பக் கூடாது. அனுப்பிட்டீங்கன்னா, நாளைக்கு எங்க புள்ளை அடம் புடிச்சா எங்க புள்ளை கொணத்தை நாங்க யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

சூப்பரின்டெண்டென்டுக்கு இந்த வாதத்தை எந்தக் கோப்பில் வைப்பதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். "முடிவு இன்சார்ஜ் சிஸ்டர் எழுதறதுலதான் இருக்கு. விளக்கம் இன்னும் வரல" என்றார்.

வார்டுக்குத் திரும்பி வந்தோம். அவள் அந்தத் தாயின் கட்டிலருகே நின்று டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை தாயின் பக்கத்தில் தூங்கியது. முந்தின நாள் எத்தனை பேர் கேட்கத் திட்டினேனோ, அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"நேத்து உன்னைத் திட்டினது தப்பு. நான்தான் உனக்குச் சொல்லியிருக்கணும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"பரவாயில்லை, மேடம்" என்று சொல்லிவிட்டு டிரிப்ஸ் சொட்டுகளை எண்ணத் தொடங்கினாள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் ஒரு நிமிடம் முழுக்க எண்ணி முடிக்கிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார். முகவாயைத் தொட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அப்பாரு இருக்காராம்மா?"

"இருக்காங்க."

"போன் போடு. அவருகிட்டச் சொல்லணும்."

டியூட்டி நேரத்தில் போன் கூடாது. அவள் என்னைப் பார்த்தாள். போடு என்று சைகை செய்தேன். ஸ்பீக்கரில் மணி அடித்து, ஒரு ஆணின் குரல் சற்றுப் பதற்றத்தோடு கேட்டது. மகள் இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அத்தை போனுக்கு நேராகக் குனிந்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்பது போல உரக்கப் பேசினார்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? உங்க பொண்ணு எங்க ஊட்டுப் புள்ளைக்குச் சேனை வெச்சிருக்குது."

அவள் அதைத் தன் பாஷையில் சொன்னாள். சேனைக்கு என்ன சொன்னாளோ, நீளமாகத்தான் விளக்கினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது, அதற்கும் பதில் சொன்னாள்.

"எங்க புள்ளை இனிமே உங்க பொண்ணு மாதிரிதான் வளரும். அதனால நாங்க அவளை விட மாட்டோம். அவ இங்கதான் இருப்பா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கோ."

இதை அவள் தன் பாஷையில் மாற்றிச் சொல்லவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்றது. கட்டிலில் படுத்திருந்த தாய், "சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். அவள் போனை வாயருகே கொண்டுபோய், சின்னதாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அப்பா ஏதோ சொன்னார், குரல் உடைந்திருந்தது. அவள் போனை அணைத்தாள்.

அத்தை பேசியது அவ்வளவு நீளம், இவள் சொன்னது இவ்வளவு சின்னதா என்று எனக்குச் சந்தேகம். "என்ன சொன்ன அவர்கிட்ட?" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேலை நிரந்தரம் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன், மேடம்."

மேசைக்குப் போய் டிராயரைத் திறந்து ஃபாரத்தை எடுத்தேன். பன்னிரண்டு கேள்விக்கும் பதில் எழுதினேன். பின்பக்கத்தில் விளக்கத்தையும் எழுதினேன். சேனை, டாக்டர் உத்தரவு, நான் திட்டியது, சொல்லாமல் விட்டது, ஒன்றையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

சூப்பரின்டெண்டென்ட் முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் மேல அனுப்பினா உங்க பேரு கெடும். யோசிச்சுத்தான் எழுதினீங்களா? வேணும்னா நாளைக்குக் குடுங்க, மாத்தி எழுதிக்கிட்டு வாங்க."

"மாத்த முடியாது, மேடம்" என்றேன். "அவங்க அப்பாகிட்டச் சொல்லியாச்சு."